கிளட்ச் ரீகால் வேலை முடிந்து வந்த வண்டியில் புதுத் தொல்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

2022 டிசம்பரில் மஹிந்திரா நிறுவனம், மேனுவல் கியர்பாக்ஸ் உள்ள 12,566 எக்ஸ்யூவி700 வண்டிகளையும் 6,618 ஸ்கார்பியோ-என் வண்டிகளையும் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. 2022 ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை தயாரானவை இவை. பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் ரப்பர் பெல்லோவின் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) இடைவெளி அளவு சரியில்லாமல் போயிருக்கலாம், சப்ளையர் ஆலையில் தரம் பிரிக்கும்போது நேர்ந்த பிழை அது என்பது நிறுவனம் சொன்ன காரணம். சோதனையும் சரிசெய்வதும் இலவசம்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் உறைதான் பெல் ஹவுசிங். அதற்குள் கை போக வேண்டுமென்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். பாகம் சின்னது, அதை எட்டுகிற வேலை பெரியது. ஹைட்ராலிக் பைப், ஒயர் கனெக்டர்கள், மவுண்ட் போல்ட்டுகள், சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கழன்று மறுபடி மாட்டப்படுகின்றன. ரீகால் முடிந்து வந்த வண்டியில் புதிதாக ஒரு கோளாறு தெரிந்தால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் கிளட்ச் பிளேட் மேல்தான் போகிறது. என் கணக்கில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. வேலைக்காக எதையெல்லாம் கழற்றினார்களோ, முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். வேறு கம்பெனி வண்டியில் நடந்த கிளட்ச் ரீகாலுக்கும் இதே வரிசைதான்.

ஆரம்பிக்கும் முன்: ஜாப் கார்டும் தரை மேட்டும்

இலவச வேலைக்கும் ஜாப் கார்டு, அதாவது புகாரையும் செய்த வேலையையும் ஒர்க்ஷாப் எழுதித் தரும் சீட்டு, உண்டு. கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை: கியர்பாக்ஸ் இறக்கப்பட்டதா, அல்லது வெறும் சோதனையோடு முடிந்ததா, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இவற்றில் ஏதாவது மாற்றப்பட்டதா, கியர் ஆயிலும் கிளட்ச் ஃப்ளூயிடும் புதிதாக ஊற்றியதாகப் பதிவு இருக்கிறதா. இந்த விவரம் தெரியாமல் கீழே உள்ள எதையும் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பிளேட் புதிதாக இருந்தால் கொஞ்சம் உதறுவது இயல்பாக இருக்கலாம். பழைய பிளேட்டே திரும்ப மாட்டப்பட்டு, அது நேற்றுவரை உதறாமல் இருந்தது என்றால் கதை வேறு.

உங்கள் வண்டி ரீகால் பட்டியலில் உண்டா என்பதிலும் ஒரு குழப்பம் வருகிறது. கணக்கு தயாரான தேதிக்கு, டெலிவரி எடுத்த தேதிக்கு இல்லை. 2023 ஜனவரியில் சாவி வாங்கியவரின் வண்டி அக்டோபரில் தயாராகியிருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். உறுதியாகத் தெரிய சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

அடுத்தது, சிரிப்பாகத் தோன்றினாலும், தரை மேட். நம் ஊரில் வண்டி வாங்கிய கையோடு தடிமனான 7டி மேட் போடுவது வழக்கமாகிவிட்டது. ஒர்க்ஷாப்பில் அதை எடுத்து மறுபடி போடும்போது பெடலுக்கு அடியில் ஒரு மடிப்பு விழுந்தாலே போதும், பெடல் முழுசாக இறங்காது, கிளட்ச் முழுசாக விடாது, ரிவர்ஸ் கறகறக்கும். மேட்டைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதிலேயே தீர்ந்துபோனால் மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை.

பெடல் பஞ்சு போல அமுங்குகிறது, அல்லது தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது

கியர்பாக்ஸ் இறங்கி ஏறிய வண்டியில் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளூயிடைத் தள்ளும், ஃப்ளூயிட் பைப் வழியாக ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும், அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அழுத்தி பிளேட்டை விடுவிக்கும். ஃப்ளூயிட் சுருங்காது, காற்று சுருங்கும். பைப்பைக் கழற்றி மாட்டும்போது உள்ளே கொஞ்சம் காற்று நின்றுவிட்டால், நீங்கள் மிதிக்கிற தூரத்தில் ஒரு பகுதி அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும்.

சோதனை எளிது. பெடலை வேகமாக நாலைந்து முறை பம்ப் செய்யுங்கள். பெடல் மேலே எழும்பிக் கெட்டியாகி, கியரும் சுலபமாக விழுந்தால் உள்ளே ஏர் இருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி பஞ்சாகும். ஏர் எடுத்தால் தீரும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி நிற்கும் வரை செய்கிற வேலை அது. “ஏர் எடுத்தாச்சு சார்” என்று சொல்லி அனுப்பிய வண்டியிலும் மிச்சம் இருக்கலாம். ஒரே தடவையில் முழுசாக வராத அமைப்புகள் உண்டு. இரண்டாவது முறை எடுத்துத் தரச் சொல்வதில் தப்பே இல்லை.

ஏர் எடுத்தும் மறுபடி மறுபடி பஞ்சாகிறது என்றால் எங்கோ கசிகிறது. பல வண்டிகளில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஃப்ளூயிட் டப்பாதான், ஆகவே மட்டம் இறங்குகிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். இறங்கினால் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம், பிரேக்கும் அதே டப்பாவை நம்பித்தான் இருக்கிறது. பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து ஈரம் பட்டால் மாஸ்டர் சிலிண்டர். பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் என்றால் ஸ்லேவ் பக்கம்.

ஸ்லேவ் சிலிண்டரில் இரண்டு வகை. ஒன்று வெளியே இருந்து ஃபோர்க்கைத் தள்ளுவது, அதை மாற்றுவது எளிது. இன்னொன்று கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி பெல் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கான்சென்ட்ரிக் வகை. இந்த இரண்டாவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கியர்பாக்ஸ் கீழே இருக்கும் நேரத்தில் யாராவது தெரியாமல் கிளட்ச் பெடலை மிதித்துவிட்டால், எதிரே தாங்க ஒன்றும் இல்லாததால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும், சீல் கெடும். திரும்ப அமுக்கி மாட்டினால் சில நாள் தாங்கும், அப்புறம் கசியும். அதைச் சரிசெய்ய மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால்தான் “கொஞ்சம் ஓட்டிப் பாருங்க சார்” என்ற பதில் வரும். ஓட்டிப் பார்த்தால் சீல் குணமாகாது. கசிந்த ஃப்ளூயிட் பிளேட்டில் பட்டால் பிளேட்டும் போகும்.

வெளியே எங்கும் ஈரமே இல்லை, ஆனாலும் பெடல் மெதுவாக இறங்குகிறதா? காலியான சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், பிரேக்கில் ஒரு கால் வைத்துக்கொண்டு, கிளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டு ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பிறகு பிரேக்கை மட்டும் லேசாகத் தளர்த்துங்கள். வண்டி தானாக ஊர ஆரம்பித்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள். சிக்னலில் முதல் கியரிலேயே நிற்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சோதனை செய்யாமலே தெரிந்துவிடும்.

காலையில் பெடல் நன்றாக இருந்து, கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய பிறகு மட்டும் பஞ்சாகிறது என்றால் ஃப்ளூயிடைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. பைப்பைக் கழற்றியவர்கள் பழைய ஃப்ளூயிடையே திரும்ப ஊற்றினார்களா, திறந்து வைத்திருந்த டின்னிலிருந்து எடுத்தார்களா என்று கேளுங்கள்.

கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸில் கறகற

இதில் ஒரே ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கடினமாகவே இருந்தால் கிளட்ச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; கியர் கேபிள் அல்லது லிங்கேஜ் சரியாக உட்காரவில்லை. முன்சக்கரத்தால் ஓடும் வண்டிகளில் இன்ஜின் குறுக்காக இருப்பதால் கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கேபிள் போகும். வேலைக்காக அதைக் கழற்றியே ஆக வேண்டும். மாட்டும்போது ஒரு கிளிப் தள்ளி உட்கார்ந்தால் முதல், இரண்டாம் கியர் நன்றாகவும் ஐந்து, ஆறு முரண்டாகவும் இருக்கும், அல்லது நேர்மாறாக. குறிப்பிட்ட ஒரு வரிசை கியர்கள் மட்டும் தகராறு என்றால் முதலில் கேபிள் பக்கம் போங்கள்.

கிளட்ச்தான் விடவில்லை என்று தெரிந்தால் அடுத்த சோதனை: இன்ஜின் ஐடிலில், கிளட்ச்சை முழுசாக மிதித்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். மிதித்த கையோடு போட்டால் லேசாகக் கறகறப்பது பல கியர்பாக்ஸுகளில் இயல்பு, ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் சுழல் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) வைக்காத பெட்டிகள் உண்டு, உள்ளே சுழல்கிற ஷாஃப்ட் நிற்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஐந்து எண்ணிய பிறகும் கறகறத்தால் பிளேட் இன்னும் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது.

காரணம் முக்கால்வாசி மேலே சொன்ன ஏர்தான். ஏர் இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும். பிளேட் மாற்றப்பட்டிருந்தால் அது திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம், கேட்க அசிங்கமாக இருந்தாலும் நடக்கிற விஷயம். இன்னொன்று, கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கை விட்டுவிட்டு அதன் எடை முழுவதையும் இன்புட் ஷாஃப்ட் வழியாக பிளேட் ஹப்பில் தொங்கவிட்டால் பிளேட் லேசாக வளைந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாத வளைவு போதும், கிளட்ச் சுத்தமாக விடாது. இதற்குப் பெட்டியை இறக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிளட்ச் எடுக்கிற இடம் மாறிவிட்டது

பெடலை விடும்போது வண்டி நகர ஆரம்பிக்கிற இடத்தைச் சொல்கிறேன். மேலே எடுத்தது கீழே எடுக்கிறது, அல்லது கீழே எடுத்தது மேலே எடுக்கிறது என்ற புலம்பல்தான் அதிகம். இதில் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. புது பிளேட், புது ஃப்ளூயிட், புது பேரிங் எது போட்டாலும் எடுக்கிற இடம் மாறும். உங்கள் கால் பழைய இடத்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது அந்த இடம் நிலையாக இருக்கிறதா என்பதை மட்டும். காலையில் ஒரு இடம், ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டிய பிறகு வேறொரு இடம் என்றால் ஹைட்ராலிக் பிரச்சினை. மேலே பெடல் பகுதியில் சொன்னதைப் பாருங்கள்.

கிளம்பும்போது உதறல்

புது பிளேட் என்றால் சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை பொறுங்கள். பிளேட்டின் முகமும் அது ஒட்டிச் சுற்றுகிற இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலின் முகமும் ஒன்றோடொன்று படிய அவ்வளவு ஓட்டம் வேண்டும். அதுவரை மலைப் பாதை, டிரெய்லர், முழு ஆள் ஏற்றிய பயணம் தவிர்த்தால் நல்லது. நகரத்துக்குள் நின்று நின்று ஓட்டுவதே படிய வைக்கச் சிறந்த ஓட்டம், சென்னை ஜிஎஸ்டி சாலையின் காலை நேர நெரிசலுக்கும் ஒரு பயன் இருக்கிறது.

பழைய பிளேட்டே திரும்ப ஏறியிருந்தால் பார்க்க வேண்டியவை வேறு. வண்டி ஒர்க்ஷாப்பில் பார்ட்ஸுக்காகப் பல நாள் நின்றதா, மழைக்காலமா? ஃப்ளைவீல் முகத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். பத்து இருபது முறை கிளம்பினால் உரசிப் போய்விடும். போகவில்லையென்றால் மவுண்டைப் பாருங்கள். கியர்பாக்ஸை இறக்க இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்துவார்கள், ஒன்று சரியாக இறுகாமல் இருந்தாலும் கிளம்பும்போது உதறும், ஆக்சிலேட்டரை விடும்போது ‘டப்’ என்று ஒரு அடி கேட்கும். உதறலோடு அந்த ‘டப்’ சேர்ந்து வந்தால் மவுண்டிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

இரண்டும் இல்லை என்றால் பிளேட்டில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கிறது. இன்புட் ஷாஃப்ட் பற்களுக்குக் கிரீஸ் தடவுவது முறை. ஆனால் அள்ளித் தடவினால் சுற்றும்போது தெறித்துப் பிளேட்டில் போய் ஒட்டும். முதல் நாள் நன்றாக இருந்து, ஒரு வாரத்தில் உதற ஆரம்பித்து, நாளாக நாளாக மோசமாவது இதன் அடையாளம்.

சத்தம்: பெடலை வைத்தே பிரிக்கலாம்

நியூட்ரலில் ஐடிலில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஏசியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். ‘ஸ்ஸ்’ என்ற சன்னமான உரசல் சில நாளில் அடங்கலாம். ‘கிர்ர்’ என்ற கரகரப்பு அடங்காது. பேரிங் மாற்றாமல் பழையதையே போட்டிருந்தால், ஒருமுறை பெட்டியை இறக்கிய வேலையில் அந்தச் சின்னப் பாகத்தை மாற்றாமல் விட்டது ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

நேர்மாறாக, பெடலை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்தால் அமைதி என்றால் கியர்பாக்ஸ் உள்ளேயிருந்து வருகிறது. இது இன்புட் ஷாஃப்ட் பேரிங்காக இருக்கலாம், அல்லது டீசல் வண்டிகளில் ஐடிலில் இயல்பாகவே கேட்கிற பல் தட்டலாக இருக்கலாம். பிரித்தறிய ஒரே வழி, முன்பு இருந்ததா என்பதுதான். ரீகாலுக்கு முன்பே இருந்த சத்தத்தைப் பலர் வேலை முடிந்த பிறகுதான் காது கொடுத்துக் கேட்கிறார்கள். புதிதாக வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் முதலில் கியர் ஆயில் மட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். டிரைவ் ஷாஃப்டைக் கழற்றும்போது ஆயில் கொட்டும், அதனால்தான் முதலிலேயே வடிப்பார்கள். வடித்ததைத் திரும்ப முழு அளவு ஊற்றினார்களா என்பது ஜாப் கார்டில் தெரிய வேண்டும்.

பெடலிலேயே ‘கீச்’ என்றால் பிவட்டில் கொஞ்சம் கிரீஸ். அடுத்ததுக்குப் போகலாம்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இது கிளட்ச் வழுக்கல். சந்தேகம் இருந்தால் காலியான சாலையில், நான்காம் கியரில் மணிக்கு 40 அல்லது 50 கிலோமீட்டரில் போய்க்கொண்டு ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்துங்கள். வேகத்தோடு சேர்ந்து ஆர்பிஎம் ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. ஆர்பிஎம் மட்டும் துள்ளி எழுந்தால் வழுக்குகிறது. எக்ஸ்யூவி700 டீசலின் சக்தி கூடிய மேனுவல் வகையில் 420 நியூட்டன் மீட்டர் டார்க், 1,600 முதல் 2,800 ஆர்பிஎம்முக்குள் கிடைக்கிறது. வழுக்கல் இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கிற பழைய சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், நல்ல பிளேட்டும் அதில் கருகும்.

ரீகால் முடிந்த கையோடு வழுக்கல் வந்தால் இரண்டு கேள்விகள். பிளேட்டில் எண்ணெய் பட்டதா? பெடலை முழுசாக விட்ட பிறகும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கிறதா? பெட்டி இறங்கியிருந்த நேரத்தில் இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கண்ணுக்கு நேரே தெரிந்திருக்கும். அது அப்போது உலர்ந்திருந்ததா, ஈரமாக இருந்ததா என்று வேலை செய்த மெக்கானிக்கிடமே கேளுங்கள். சர்வீஸ் அட்வைசரைவிட அவருக்குத்தான் தெரியும்.

இங்கேதான் அந்தப் பழக்கமான வசனம் வரும்: “சார், கிளட்ச் பிளேட் தேய்ஞ்சிருக்கு. ஹாஃப் கிளட்ச்ல ஓட்டுறீங்க. அது வாரண்டில வராது.” தேய்மானப் பாகத்துக்கு வாரண்டி கிடைக்காது என்பது பொதுவாக உண்மைதான். பாதி கிளட்ச்சிலேயே மேடு ஏறுகிறவர்களும், இடது காலைப் பெடல் மேலேயே ஓய்வெடுக்க விடுகிறவர்களும் நம்மில் நிறைய. ஆனால் தேய்மானம் ஒரே நாளில் வராது. ஒர்க்ஷாப்புக்குள் போகும்போது வழுக்காத கிளட்ச், வெளியே வரும்போது வழுக்குகிறது என்றால் உங்கள் இடது கால் அதற்குப் பொறுப்பில்லை.

வண்டிக்கு அடியில் சொட்டு

ஒரு வெள்ளை அட்டையை இரவு முழுவதும் அடியில் விரித்து வையுங்கள். தெளிந்த தண்ணீர், வாசனை இல்லை என்றால் ஏசி தண்ணீர், விட்டுவிடலாம். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கிற வாசனையோடு இருந்தால் கியர் ஆயில். மெல்லியதாக, தேன் நிறமாக, விரலில் வழவழவென்று இருந்தால் கிளட்ச் ஃப்ளூயிட். அதைக் கழுவிவிடுங்கள், பெயின்ட்டை அரிக்கும்.

முன்சக்கர வண்டியில் கியர் ஆயில் இடது அல்லது வலது சக்கரத்தின் உள்பக்கமாகச் சொட்டினால், டிரைவ் ஷாஃப்டை உருவி மாட்டியபோது அதன் ஆயில் சீல் உதடு கிழிந்திருக்கும். மலிவான சீல், மாற்றவும் அதிக நேரமாகாது. பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் சொட்டினால் அது பெரிய வேலை.

ரிவர்ஸ் கேமரா வரவில்லை, ஸ்டார்ட் ஆகவில்லை

மெக்கானிக்கல் கோளாறு என்று பயப்படுகிறார்கள், பெரும்பாலும் ஒரு கனெக்டர். ரிவர்ஸ் லைட் சுவிட்ச் கியர்பாக்ஸின் மேல் இருக்கும், அதன் கனெக்டர் மாட்டப்படாமல் விட்டால் பின் விளக்கும் எரியாது, கேமராவும் வராது. கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகிற வண்டி அசைய மறுத்தால் பெடலில் உள்ள சுவிட்ச். க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாததற்கும் அதே சுவிட்ச் காரணமாக இருக்கலாம். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் பேட்டரியைத் திட்டும் முன் கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் ஒயர் இறுகியிருக்கிறதா பாருங்கள். கடிகாரம் தவறாகக் காட்டுவதும், ஜன்னலின் ஒன்-டச் நின்றுபோவதும் பேட்டரியைக் கழற்றியதால். கோளாறு இல்லை.

வேகத்தில் அதிர்வு, ஸ்டீயரிங் கோணல்

இங்கே இரண்டு வண்டிகளும் பிரிகின்றன. ஸ்கார்பியோ-என் பின்சக்கரத்தால் ஓடுவது, இன்ஜின் நெடுக்காக இருக்கும், கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கமாகப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு போகும். அதைக் கழற்றும் முன் இணைகிற இரண்டு ஃபிளான்ஜிலும் (போல்ட் போடும் விளிம்புத் தட்டு) அடையாளக் கோடு போட்டு, அதே கோட்டில் மாட்ட வேண்டும். கோடு மாறினால் பேலன்ஸ் கெட்டு, 70, 80-க்கு மேல் சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம் கேட்கும். கிளட்ச்சை மிதித்தாலும், நியூட்ரலில் உருள விட்டாலும் அது வேகத்தோடு மட்டுமே கூடிக் குறையும். அப்படியானால் கிளட்ச் நிரபராதி.

எக்ஸ்யூவி700-ன் மேனுவல் முன்சக்கரத்தால் ஓடுவது. அதில் பார்க்க வேண்டியது டிரைவ் ஷாஃப்ட் உள்முனை முழுசாகப் பூட்டியிருக்கிறதா என்பதை. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் அதிர்வு, விட்டால் இல்லை என்றால் அங்கே சந்தேகம். வேலைக்காகச் சப்ஃப்ரேமை (அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) தளர்த்தியிருந்தால் வீல் அலைன்மென்ட் மாறும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு பக்கம் தேயும். அலைன்மென்ட் பார்த்துத் தருவது அந்த வேலையின் பகுதி. அதற்குத் தனியாக பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

கோளாறு மாதிரி தெரிகிற ரீகால் தீர்வு

எல்லா ரீகாலும் பழைய நிலைக்கே வண்டியைத் திருப்பித் தருவதில்லை. அமெரிக்காவில் 3.6 லிட்டர் வி6 இன்ஜினும் ஆறு கியர் மேனுவல் பெட்டியும் கொண்ட ஜீப் ராங்லர், கிளாடியேட்டர் வண்டிகள் 2020, 2021, 2023 என்று மூன்று முறை கிளட்ச்சுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. கடைசி அழைப்பில் மட்டும் சுமார் 69,000 வண்டிகள். அங்கே பிரச்சினை பிரஷர் பிளேட் அதிகம் சூடாகி உடைவது. உடைந்தால் கியர்பாக்ஸ் உறை வெடித்து, சூடான துண்டுகள் வெளியே சிதறி, தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு. 2021-ல் அதற்குத் தந்த தீர்வு ஒரு சாஃப்ட்வேர்: கிளட்ச்சின் சூடு ஏறினால் இன்ஜின் டார்க்கைக் குறைத்துவிடும்.

அப்படிப்பட்ட தீர்வு ஏறிய வண்டியில், மணலிலோ செங்குத்தான மேட்டிலோ கிளட்ச்சை அதிகம் உரச விட்டால் திடீரெனச் சக்தி குறையும். வண்டி சொன்னபடி கேட்கிறது. ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு ஆற விடுவதுதான் வைத்தியம். என்னைக் கேட்டால், உடையக்கூடிய பாகத்தை வைத்துக்கொண்டு ஓட்டுநரின் கையைக் கட்டுவது பாதித் தீர்வுதான். ஆனால் தீயைவிட அது மேல். மேட்டில் உரசவே இல்லை, சமசாலையில் சாதாரணமாகப் போகும்போதே சக்தி குறைகிறது என்றால் மட்டும் அது சாஃப்ட்வேரின் வேலை இல்லை, ஸ்கேன் செய்து பார்க்க வேண்டிய கோளாறு. உங்கள் வண்டியின் ரீகாலில் சாஃப்ட்வேர் மாற்றமும் இருந்ததா என்பதையும் ஜாப் கார்டில் தேடுங்கள்.

திரும்ப ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது

“கிளட்ச் சரியில்லை” என்று சொன்னால் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு “நார்மல்தான் சார்” என்பார்கள். “இன்ஜின் ஆஃபில் எல்லா கியரும் விழுது, ஆனில் ரிவர்ஸ் மட்டும் கறகறக்குது, ஐந்து எண்ணினாலும் அப்படித்தான், பம்ப் பண்ணினா சரியாகுது” என்று சொன்னால் வேறு மாதிரி கவனிப்பார்கள். குளிர்ந்த இன்ஜினில் வருகிற கோளாறு என்றால் முதல் நாள் இரவே வண்டியை விட்டுவிட்டு, காலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கிலோமீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். புகாரை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். “ஜெனரல் செக்கப்” என்று எழுத விடாதீர்கள், அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எல்லாமே மறைந்துவிடும்.

பெட்டியை மறுபடி இறக்க வேண்டுமென்றால், உள்ளே தெரிவதைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். பிளேட் தேய்ந்தது என்றால் தேய்ந்த பிளேட்டைக் காட்டட்டும். எண்ணெய் பட்ட பிளேட் பளபளப்பாக, கறைபட்டு இருக்கும். தேய்ந்த பிளேட் ரிவெட் தலை வரை மெலிந்திருக்கும். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. எது என்பதைப் பொறுத்துத்தான் பணம் யார் கட்ட வேண்டும் என்பது முடிவாகும்.

ஒர்க்ஷாப் ஒப்புக்கொள்ளாவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டு நகலோடு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் மட்டும் பேசி விடாதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2021 ஏப்ரல் 1 முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் குறை இருந்தால் திரும்ப அழைக்க உத்தரவிடவும், அபராதம் விதிக்கவும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு விதி இருக்கிறது. அதற்கான புகாரை வாகன் தளத்தில் பதியலாம். ஒரே மாதிரி கோளாறு பல வண்டிகளில் வந்தால்தான் அந்த வழி பலன் தரும், ஆகவே உங்கள் வண்டிக்கு மட்டும் நடந்த மாட்டல் பிழைக்கு நுகர்வோர் வழியே போதும். ஃப்ளூயிட் கசிவோ, தரையோடு ஒட்டுகிற பெடலோ இருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்து முடியும் வரை வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லும் வண்டியை அனுப்பச் சொல்லுங்கள்.